இரண்டரை வாய்

ஆறு இருபது.
டச்சுக்குடாப் பக்கத்துக் காற்றில்
இரவு முழுக்கத் தொங்கியும் காயாத சீருடை.
இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப்
பிட்டைக் குழைக்கிறேன்.
பாதி வாழைப்பழத்தோடு,
பாதி சீனியோடு,
ஒரு பிடி மட்டும் ஒன்றும் சேர்க்காமல்.
நேற்று
"ஒண்டும் போடாத பிட்டுத்தான் வேணும்" என்றவள்
இன்றைக்கு என்ன சொல்வாள் என்பது
வானிலை அறிக்கையிலும் வராது.

சுகந்தினிக்கு இரவு வேலை.
ஆஸ்பத்திரியில் யாருக்கோ சேலைன் மாற்றியபடி
போனில் கேட்கிறாள்:
"என்ன, சாப்பிட்டுதுகளா?"
"ஓம், சாப்பிடுதுகள்."
நிகழ்காலத்தில் சொல்கிற பொய்
கொஞ்சம் பாரம் குறைவு.

மிதுஷன் பிரச்சினையில்லை.
ஒற்றைச் சப்பாத்தைத் தேடி
மேசையைச் சுற்றிவரும்போது
வாய் திறந்திருந்தால் வைத்துவிடலாம்.
என்ன விழுங்கினான் என்று
அவனுக்கே தெரியாது.
லதுஷா அப்படியில்லை.
ஐந்து வயது. முதலாம் தரம்.
பிரட்றிக் கோட்டை வாசல்கூட
எந்நேரமும் திறந்துதான் கிடக்கிறது.

எல்லாம் செய்து பார்த்தாயிற்று.
இடியப்பத்தைத் தலைமயிராக்கி
அவித்த முட்டைக்கு மிளகில் கண் வைத்தேன்.
"பாக்குதப்பா, எப்பிடிச் சாப்பிடுறது?" என்று அழுதாள்.
அந்த முட்டையைச் செவ்வரத்தையின் கீழ்
நாங்கள் மூவரும் போய்
அடக்கம் செய்யவேண்டி வந்தது.
சூன் பாண் ஆட்டோவை மறித்துப்
பணிஸ் வாங்கினேன்.
மேலிருந்த சீனியை நக்கி முடித்துவிட்டு
கொடுத்த கடனைத் திருப்புகிறவள்போல
மிச்சத்தை என் உள்ளங்கையில் வைத்தாள்.

ஆறு ஐம்பதுக்குக்
கேற்றடியில் ஒரு புள்ளிமான் வந்து நிற்கும்.
உவர்மலை இறக்கத்தில்
ஆட்டோக்களுக்கு நடுவே ஆறுதலாய் நடந்து வரும் மான்.
அது நாளுக்கு நாள் கொழுப்பது எப்படி என்று
போன வெள்ளிக்கிழமைதான் பிடித்தேன்:
அவளுடைய சீருடைப் பைக்குள்
தேங்காய்ப்பூ மணம்.

என் தொழிலே எண்ணுவதுதான்.
சீனன்குடா ஆலையில்
லொறியேறும் கோதுமை மா மூட்டைகள்.
ஒன்று பிசகினாலும் அன்றைக்கு நித்திரையில்லை.
ஊருக்கெல்லாம் பாண் போகிற கணக்கு
என் கையெழுத்தில் இருக்கிறது.
வீட்டிலோ, கொப்பியில்
டீச்சரின் சிவப்பு மை:
"பிள்ளை இரண்டாம் பாடத்தில்
மேசையில் படுத்துவிடுகிறா."

இன்றைக்கு நான் கேட்கவில்லை.
கெஞ்சவுமில்லை, கப்பல் ஓட்டவுமில்லை.
உண்மையைச் சொன்னால், எனக்குப் பசித்தது.
இந்த மேசையில் விடியற்காலையில்
நான் இருந்து சாப்பிட்டு எத்தனை நாள்?
அந்த ஒன்றுமில்லாத பிட்டை இழுத்து
இரண்டு விரலால் அள்ளி
வாயில் போட்டேன்.

"அது என்ர."

"நீதானே வேணாம் எண்டாய்."

"வேணாம். ஆனா என்ர."

எனக்குப் பதில் வரவில்லை.
கோப்பையை அவள் பக்கம் தள்ளினேன், பாதி வழிவரை.
மீதிப் பாதியை அவளே இழுத்தாள்.
என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய்.
கோபத்தோடு இன்னொரு வாய்.
மூன்றாவது உதட்டில் தொட்டபோது
வான்காரன் ஹோர்ன் அடித்தான்.
கன்னம் ஒரு பக்கம் வீங்க
பையை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

இரண்டரை.
அரை மூட்டை என்று
எங்கள் ஏட்டில் ஒருநாளும் எழுதியதில்லை.
அந்த அரை உள்ளே போனதா,
வான் ஜன்னலால் வெளியே போனதா,
அதற்கும் சாட்சியில்லை.

மிச்சப் பிட்டை நின்றபடி வழித்துச் சாப்பிடுகிறேன்.
மிதுஷனின் மற்றச் சப்பாத்து
குளிர்சாதனப் பெட்டியின் மேலே இருக்கிறது.
அப்படியென்றால் அவன் எதைப் போட்டுக்கொண்டு போனான்?

கேற்றடியில் மான்
காதை ஆட்டியபடி நிற்கிறது.
வான் போன திசையைப் பார்க்கிறது.
பிறகு என் கோப்பையைப் பார்க்கிறது.